முதல் வரியைப் படிக்காத மென்பொருள்

ஸ்பைஸ் என்ற மென்பொருளுக்கு ஒரு விசித்திரப் பழக்கம் உண்டு. மின்சுற்றை வரிவரியாக எழுதிக் கொடுத்தால், எத்தனை வோல்ட், எவ்வளவு கரண்ட் என்று கணக்குப் போட்டுச் சொல்லும். ஆனால் முதல் வரியைக் கணக்கில் சேர்க்காது. அங்கே ஒரு ரெசிஸ்டரை எழுதியிருந்தால், அந்த ரெசிஸ்டரே இல்லாத சுற்றுக்குத்தான் விடை வரும். எலெக்ட்ரானிக்ஸ் மாணவர்களில் இதில் ஒருமுறையாவது விழாதவர்கள் குறைவு.

காரணம், 1970களின் துளையட்டை. அன்று சுற்றின் ஒவ்வொரு உறுப்புக்கும் ஓர் அட்டை. ரெசிஸ்டரின் பெயர், அது இணையும் இரண்டு முனைகளின் எண்கள், அதன் ஓம் மதிப்பு, எல்லாம் ஒரே வரியாகத் துளையிடப்பட்டிருக்கும். கட்டில் முதல் அட்டை தலைப்பு. அச்சாகி வரும் தாள் எந்தச் சுற்றுக்கு உரியது என்று தெரியவேண்டுமே. அட்டைகள் போய்விட்டன, வழக்கம் போகவில்லை. இன்று இலவசமாக இறக்கிக்கொள்ளும் என்ஜிஸ்பைஸும் முதல் வரியைத் தலைப்பு என்று ஒதுக்கிவைக்கிறது.

இடையில் இந்த நிரல் எத்தனை கை மாறியிருக்கிறது என்று பார்த்தால்தான் இதன் ஆச்சரியம் புரியும்.

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில், ரொனால்ட் ரோரர் நடத்திய வகுப்பின் மாணவர் வேலையாகப் பிறந்தது இதன் மூதாதை. பெயர் கேன்சர். ‘கதிர்வீச்சு நீங்கலாக’ என்பதும் அந்தப் பெயரின் விரிவில் அடக்கம். அமெரிக்க ராணுவப் பணத்தில் எழுதப்பட்ட அக்கால நிரல்கள் பலவற்றில், கதிர்வீச்சை ஒரு சுற்று தாங்குமா என்று சோதிக்கும் வசதி கட்டாயம். எங்களுக்கு அந்த வேலை வேண்டாம் என்று பெயரிலேயே குத்திக்காட்டிய மாணவக் குறும்பு அது. ரோரர் பெர்க்லியை விட்டுப் போனதும், மாணவர் லாரன்ஸ் நேகல், டொனால்ட் பெடர்சனிடம் போய்ச் சேர்ந்தார். பெடர்சன் போட்ட நிபந்தனை, யாருடைய உரிமையும் ஒட்டிக்கொள்ளாத அளவுக்கு நிரலைத் திருத்தி எழுதவேண்டும் என்பது. அப்படி வந்தது 1973இன் ஸ்பைஸ். கேட்டவர்களுக்கெல்லாம் காந்த நாடாவில், நகலெடுக்கும் செலவுக்குக் கிடைத்தது.

கையில் நிரல் கிடைத்தால் சும்மா இருப்பார்களா? ஆளுக்கொரு தனிக்குடித்தனம் தொடங்கியது. மைக்ரோசிம் நிறுவனம் 1984இல் ஐபிஎம் பிசியில் ஓடும் பிஸ்பைஸை விற்றது. மெட்டா சாஃப்ட்வேர் ஹெச்ஸ்பைஸைக் கொண்டுவந்தது. அனலாக் டிவைசஸ் போன்ற சிப் கம்பெனிகள் தங்கள் உபயோகத்துக்கென்றே ஒன்று வைத்துக்கொண்டன. பெர்க்லியும் சும்மா இருக்கவில்லை. 1975இன் இரண்டாம் பதிப்பில், முதல் பதிப்பு திணறிய இண்டக்டரையும் தரையோடு இணையாத வோல்டேஜ் சோர்ஸையும் சமாளிக்கும் புதிய கணித முறை வந்தது. 1989இல் ஃபோர்ட்ரானை விட்டு சி மொழிக்கு மொத்த நிரலும் மாற்றி எழுதப்பட்டது. உள்ளே ஒரு வரிகூடப் பழையபடி இல்லை என்னும் நிலை. தலைப்பு வரி மட்டும் தலைப்பு வரியாகவே இருந்தது.

நிரலை மாற்றுவதில் யாருக்கும் நஷ்டமில்லை. ஆயிரக்கணக்கான பொறியாளர்கள் எழுதிவைத்த சுற்றுகள் நாளைக்கு ஓடாமல் போனால்தான் நஷ்டம். கிளை பிரிந்தவர்கள்கூட அந்தக் கோப்பு வடிவத்தில் புதிதாகச் சேர்த்தார்களே தவிர, இருந்ததைக் கலைக்கவில்லை. பிரிந்த கிளைகள் மறுபடி ஒட்டவும் முடிந்தது அதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஜார்ஜியா டெக்கில் டிஜிட்டல் உறுப்புகளைச் சேர்த்து உருவாக்கிய எக்ஸ்ஸ்பைஸ், ஸ்பைஸின் ஒரு கிளை. டிரான்சிஸ்டரின் உள்ளே நடக்கும் இயற்பியலையே கணக்கிட பெர்க்லியில் செய்த சைடர், இன்னொன்று. இரண்டும் இன்று என்ஜிஸ்பைஸுக்குள் இருக்கின்றன.

அதைவிட வேடிக்கை, சிப் கம்பெனிகள் தரும் மாடல் கோப்புகள் பெரும்பாலும் பிஸ்பைஸின் வட்டார வழக்கில் இருக்கும். அதனால் பிஸ்பைஸ், எல்டிஸ்பைஸ், ஹெச்ஸ்பைஸ் ஒவ்வொன்றின் வழக்கையும் புரிந்துகொள்ள என்ஜிஸ்பைஸில் தனித்தனி ஏற்பாடு செய்திருக்கிறார்கள்.

கோப்புக்காகவே பிறந்த கிளையும் உண்டு. க்யூக்ஸ் என்ற திறமூல மென்பொருளில் சுற்று வரையும் பலகை அழகாக இருந்தது. கணக்குப் போடும் இயந்திரம் மட்டும் அதன் சொந்தத் தயாரிப்பு. கம்பெனி தரும் ஸ்பைஸ் மாடல்களோடு அது எளிதில் ஒத்துப்போகவில்லை. பலகையை வைத்துக்கொண்டு, அடியில் ஸ்பைஸ் இயந்திரங்களைப் பொருத்தினார்கள். அதுதான் க்யூக்ஸ்-எஸ்.

கிளை பிரியாமல் ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டே மாற வேண்டியவர்களுக்கோ வேறு தலைவலி. ஜான்-பியர் ஷராஸ் 1992இல் பிரான்சின் க்ரெநோபிளில் தொடங்கிய கீகேட், சர்க்யூட் போர்டு வடிவமைக்கும் திறமூல மென்பொருள். இதிலே இந்த வசதி வேண்டும் என்று யாரும் முறையிடலாம். எனக்கும் வேண்டும் என்று மற்றவர்கள் கட்டைவிரல் தூக்கலாம். ஆனால் அந்த வசதியைக் கோப்பில் சேமிக்க ஒரு புதிய சொல் தேவைப்பட்டால், அடுத்த பெரிய பதிப்பு வரை காத்திருக்கவேண்டியதுதான். 5ஆம் பதிப்பில் செய்த எந்தப் போர்டுக் கோப்பையும் திறந்து பாருங்கள், தலையிலேயே 20171130 என்று இருக்கும். அது ஒரு தேதி. பதிப்பு வெளியானது 2018 ஜூலையில். கோப்பின் இலக்கணம் அதற்கு ஏழு மாதம் முன்பே உறைந்துவிட்டது. 2021 டிசம்பரில் 6ஆம் பதிப்பு வரும்வரை அந்த எண் மாறவில்லை. அவசரக்காரர்கள் 5.99 என்று எண்ணிட்ட சோதனைப் பதிப்பில் புதுமைகளை ஓட்டிப் பார்க்கலாம். அதில் சேமித்த கோப்பை 5 திறக்காது என்பது அவர்கள் தலையெழுத்து.

ஜெனீவாவின் செர்ன் ஆய்வகம் கீகேட்டுக்குக் கொடுத்த, போர்டில் தடம் இழுக்கும் ரவுட்டருக்கு இந்தக் கோப்புத் தொல்லை இல்லை. தங்கள் போர்டு வடிவங்களை உலகத்தோடு பகிர நினைத்த செர்ன், விலை கொடுத்து வாங்கும் மென்பொருளில் அவற்றை வரைந்தால் பாதிப்பேர் திறக்கவே முடியாது என்று கீகேட் பக்கம் வந்தது. புதிய செம்புத் தடத்தை இழுக்கும்போது, வழியில் இருக்கும் தடங்கள் தாமாக ஒதுங்கி இடம் கொடுக்கும் ரவுட்டரை அதன் பொறியாளர் எழுதினார். கண்ணுக்கு மாயாஜாலம், கோப்பில் மிஞ்சுவதோ பழைய சாதாரணக் கோடுகள்தான். ஹொரைசன் என்ற தனி மென்பொருளும் இந்த ரவுட்டரை அப்படியே எடுத்துப் பொருத்திக்கொண்டது.

2018இல் என்ஜிஸ்பைஸைக் கீகேட் உள்ளே சேர்த்துக்கொண்டபோது ஒரு பழைய வம்பும் கூடவே வந்தது. ஸ்பைஸுக்குப் பெரிய எம், சின்ன எம் என்ற பேதம் தெரியாது. துளையட்டைக் காலத்தில் சின்ன எழுத்தே இல்லை. எம் என்றால் மில்லி, அவ்வளவுதான். ஒரு மெகாஓம் ரெசிஸ்டரை 1எம் என்று எழுதினால் ஒரு மில்லிஓம் ஆகிவிடும்; 100 கோடி மடங்கு வித்தியாசம். உலகமே பெரிய எம்மை மெகா என்று படிக்கும்போது இதை மட்டும் மாற்றக்கூடாதா என்று கேட்பது நியாயம். மாற்றினால் பெரிய எழுத்திலேயே எழுதிய பழைய கோப்புகளில் மில்லியெல்லாம் மெகா ஆகிவிடும். கீகேட்காரர்கள் இயந்திரத்தைத் தொடவில்லை. சுற்றுப் படத்தில் உறுப்பின் மதிப்பாகப் பெரிய எம் போட்டால், மெகா என்றே எடுத்துக்கொண்டு ஸ்பைஸின் மொழிக்குத் தாங்களே மாற்றி அனுப்புகிறார்கள். அதே படத்தின் ஓரத்தில் ஸ்பைஸ் கட்டளையாக ஒரு வரியைக் கையால் தட்டினால் பழைய சட்டம்தான். மெகா வேண்டுமென்றால் மெக் என்று முழுசாக எழுதவேண்டும்.