தங்கவயலுக்குத் தங்கம் வந்த வழி

கோலார் தங்கவயலில் ரீஃப் என்று சொல்லப்படும் கல்லின் ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்ப்பவர்களுக்குப் பெரும்பாலும் ஏமாற்றம்தான். மஞ்சள் எங்கும் தெரியாது. புகை படிந்த நீலச் சாம்பல் நிறத்தில் வெங்கச்சங்கல்; அதில் நீளவாக்கில் வரிவரியாக மெல்லிய கறுப்புக் கோடுகள். லென்ஸ் வைத்துத் தேடினால் அந்தக் கோடுகளில் ஒன்றை ஒட்டி ஊசிமுனை அளவுக்கு ஒரு மினுக்கம் தென்படலாம். கல்லின் இரு பக்கமும் ஒட்டிக்கொண்டிருப்பது கரும்பச்சைப் பாறை. உடைத்த முகத்தில் ஹார்ன்பிளெண்ட் படிகங்கள் ஊசி ஊசியாகப் பளபளக்கும். வெங்கச்சங்கல்லில் இருப்பது தங்கம் என்றாலும், அதன் கதையை இந்தக் கரும்பச்சைப் பாறையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சுமார் 270 கோடி ஆண்டுகளுக்கு முன் அது கடலடியில் வழிந்த எரிமலைக் குழம்பு. தண்ணீருக்குள் வெளிவரும் குழம்பின் மேற்பரப்பு உடனே உறைந்துவிடும், உள்ளே இருப்பது முட்டிக்கொண்டு பிதுங்கும், பிதுங்கியதும் உறையும். இப்படி உருண்டை உருண்டையாக அடுக்கிக் கிடப்பதைத் தலையணை லாவா என்கிறார்கள். தங்கவயலுக்கு அருகே பெத்தபள்ளியில் இத்தகைய லாவாவும், எரிமலை சிதறடித்த துண்டுகள் சேர்ந்து இறுகிய பாறையும் இருக்கின்றன. இந்திய நிலவியல் ஆய்வுத் துறை அந்த இடத்தைத் தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. கோலார் லாவாக்களில் கோமாட்டியைட் என்ற வகையும் உண்டு. அது உருக 1,500 டிகிரி செல்சியஸுக்கும் மேல் வெப்பம் வேண்டும். இன்றைய எரிமலைகள் அவ்வளவு சூட்டில் எதையும் கக்குவதில்லை. பூமியின் உள்வயிறு அன்று எவ்வளவு கொதித்தது என்பதற்கு நம் அருகிலேயே இருக்கும் சாட்சி அது.

இந்தப் பாறைகள் வடக்கு தெற்காக ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளத்துக்கு, சில கிலோமீட்டர் அகலத்தில், ஒரு நாடாவாகக் கிடக்கின்றன. தெற்கே ஆந்திரத்தின் சித்தூர்ப் பகுதி வழியாகக் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வடக்கு ஓரம் வரை அந்தப் பட்டை நீள்கிறது.

எரிமலைக் குழம்போடு தங்கமும் வந்து கொட்டியது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. சாதாரண பசால்ட் பாறையில் ஒரு டன்னுக்குச் சில மில்லிகிராம் தங்கம்தான் இருக்கும். சுரங்கம் வெட்டிக் கட்டுப்படியாக வேண்டுமென்றால் அதுபோல் ஆயிரம் மடங்கு வேண்டும். அந்த ஆயிரம் மடங்கைத் திரட்டிக் கொடுத்தது தண்ணீர்.

கடலடியில் கிடந்த லாவா காலப்போக்கில் தண்ணீரைக் குடித்துத் தன் கனிமங்களுக்குள் கட்டி வைத்துக்கொண்டது. பின்னர் நிலத்தட்டுகள் நெருக்கியபோது அது ஆழத்துக்குள் அமிழ்ந்து சூடேறியது. கட்டியிருந்த நீர் கரியமில வாயுவோடும் கந்தகத்தோடும் சேர்ந்து வெளியேறியது. எளிதில் எதோடும் சேராத தங்கம், சூடான அந்தக் கந்தக நீரில் கரையும். கரைந்து, பாறையின் பிளவுகள் வழியே மேலேறும். பிளவு திடீரென்று விரிந்தால் உள்ளே அழுத்தம் சட்டென விழும். சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் வாயு பிரியும். கரைந்திருந்த சிலிக்கா வெங்கச்சங்கல்லாக உறையும். பக்கத்துப் பாறையில் இரும்பு நிறைய இருந்தால் அது நீரிலுள்ள கந்தகத்தைப் பிடுங்கிக்கொள்ளும். கந்தகத் துணை போனதும் தங்கத்தால் கரைசலில் இருக்க முடியாது, படிந்துவிடும். பழைய எரிமலைப் பாறையில் இரும்புக்குக் குறைவில்லை என்பதால்தான் உலகில் தங்கம் தேடுவோர் இத்தகைய பட்டைகளையே சுற்றிச் சுற்றி வருகிறார்கள். ரீஃபில் தெரியும் அந்த வரிகள் ஒவ்வொன்றும் பிளவு மீண்டும் மீண்டும் திறந்து மூடியதன் தடம்.

ஆகவே லாவா எங்கே என்று கண்டுபிடித்தால் போதாது. பிளவு எங்கே என்று தெரிய வேண்டும். கோலாரில் அந்தக் கேள்விக்கு வெள்ளைக்காரர்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே விடை எழுதப்பட்டிருந்தது. 1802இல் நில அளவைக்கு வந்த லெப்டினன்ட் ஜான் வாரன், மாரிகுப்பம், உரிகம் பக்கத்து மக்கள் மண்ணைக் கழுவித் தங்கம் எடுப்பதைப் பார்த்து எழுதிவைத்தார். அதைப் படித்த மைக்கேல் லாவெல் என்ற முன்னாள் சிப்பாய் 1871இல் பெங்களூரிலிருந்து மாட்டு வண்டியில் வந்து இறங்கினார். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்க வேலைக்குப் பொறுப்பேற்றது. ஆனாலும் முதல் சில ஆண்டுகளில் பணம்தான் கரைந்தது. மிச்சப் பணத்தைப் பிரித்துக்கொண்டு போய்விடலாம் என்று பங்குதாரர்கள் நினைத்த நேரத்தில், அங்கே சுரங்க வேலையைக் கவனித்த கேப்டன் பிளம்மர், பழங்காலத்தார் தோண்டிவிட்டுப் போன குழிகளுக்கு அடியிலேயே வெட்டிப் பார்த்தார். தங்கம் நிறைந்த சாம்பியன் ரீஃப் கிடைத்தது.

பெயர் தெரியாத அந்தப் பழைய தோண்டிகளைத்தான் கோலாரின் முதல் நிலவியலாளர்கள் என்று நான் சொல்வேன். பாறையை நெருப்பிட்டுச் சுட்டு, தண்ணீர் ஊற்றி விரிசல் விடச் செய்து, நூறு அடிக்கும் கீழே அவர்கள் போயிருக்கிறார்கள். அந்தப் பழைய வேலைகளில் கிடைத்த மரத்துண்டுகளின் வயது சுமார் 1,500 ஆண்டுகள் என்று கார்பன் கணிப்பு காட்டியது.

பிறகு நடந்தது நமக்குத் தெரிந்த வரலாறு. வட ஆற்காட்டிலிருந்தும் பக்கத்து மாவட்டங்களிலிருந்தும் வந்த தமிழர்கள், அவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள், அந்தப் பிளவைப் பின்தொடர்ந்து 3 கிலோமீட்டருக்கும் ஆழமாக இறங்கினார்கள். கீழே பாறையின் சூடு 65 டிகிரியைத் தாண்டியது. அழுத்தம் தாங்காமல் பாறை வெடிப்பதை ஏர் பிளாஸ்ட் என்றார்கள். அதில் போன உயிர்கள் ஏராளம். 1902இல் சிவசமுத்திரத்துக் காவிரி அருவியிலிருந்து மின்சாரம் வந்ததும் இந்தச் சுரங்கங்களுக்காகத்தான். 120 ஆண்டுகளில் எடுத்த தங்கம் ஏறத்தாழ 800 டன். தொடக்கத்தில் ஒரு டன் கல்லுக்கு 40 கிராமுக்கு மேல், அதாவது 5 சவரனுக்கும் அதிகம். கடைசிக் காலத்தில் 3 கிராம் அளவுக்கு இறங்கி, அரைச் சவரன்கூடத் தேறவில்லை. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டன.

நிலவியலுக்குக் கோலார் தந்தது தங்கத்தோடு முடியவில்லை. பட்டையின் கிழக்குப் பாதியும் மேற்குப் பாதியும் ஒரே இடத்தில் பிறந்தவை அல்ல என்பதை ஐசோடோப்புகளைக் கொண்டு வி. ராஜாமணி உள்ளிட்ட ஆய்வாளர்கள் காட்டினார்கள். வெவ்வேறு வரலாறு கொண்ட இரண்டு நிலத்துண்டுகள் வந்து மோதிய தையல் அது. 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பே நிலத்தட்டுகள் நகர்ந்தன என்பதற்கு ஆதாரமாக 1989இல் ‘சயின்ஸ்’ இதழில் அந்த ஆய்வு வந்தது. தங்க நீருக்கு அவ்வளவு ஆழமான பாதை எப்படிக் கிடைத்தது என்ற கேள்விக்கும் அந்தத் தையல் நல்ல பதில்.

இன்றைக்கு இந்தப் பட்டைகளில் தேடுகிறவர்கள் மண்ணை எடுத்துச் சோதிக்கிறார்கள். தங்கத்தை நேரடியாகத் தேடுவதைவிட ஆர்சனிக்கைத் தேடுவது எளிது. இரண்டும் ஒரே நீரில் வந்தவை, ஆர்சனிக் பரந்து படியும். காந்த அளவைகள் மண்ணுக்கடியில் மறைந்த பாறையின் வளைவுகளைக் காட்டும். அதன் பிறகுதான் துளையிட்டுக் கல்தண்டு எடுப்பது. அங்கேதான் சிக்கல். கைம்மணிக்கட்டைவிட மெலிந்த தண்டில் ஒரு தங்கத்துகள் அகப்பட்டால் ஆய்வகக் கணக்கு எகிறும்; ஒரு விரற்கடை தள்ளித் துளைத்தால் எதுவுமே இருக்காது. ஒரே துளையின் பெரிய எண்ணைக் காட்டிப் பரபரப்புச் செய்தி வரும்போது, பக்கத்துத் துளைகளில் என்ன கிடைத்தது என்று கேளுங்கள்.

தங்கவயலில் இப்போது பேச்சு சைனைடு மேடுகளைப் பற்றி. அரைத்துத் தங்கம் எடுத்தபின் கொட்டிய மண், சுமார் 3.3 கோடி டன், ஊருக்குள்ளேயே குன்று குன்றாக நிற்கிறது. அதில் டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவாகத் தங்கம் மிஞ்சியிருக்கிறது. மறுபடி கழுவி எடுக்கலாம் என்கிறார்கள். எடுக்கட்டும். ஆனால் கோலாரின் மேற்குப் பக்கத்து ரீஃபுகளில் தங்கத்தோடு கந்தகமும் ஆர்சனிக்கும் கலந்தே இருந்தன. அந்தக் கல்லும் இதே ஆலைகளில்தான் அரைபட்டது. காற்றுக் காலத்தில் இந்தத் தூசு படிவது, சுரங்கத்தில் இறங்கியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாழும் லைன் வீடுகளில். எவ்வளவு தங்கம் தேறும் என்ற கணக்குக்கு முன்னால், மேட்டுக்கு மேடு எவ்வளவு ஆர்சனிக் இருக்கிறது என்ற கணக்கை அவர்கள் படிக்கும் மொழிகளில் வெளியிட வேண்டும்.