பந்து அவர்களுக்கு, பாரம் நமக்கா?

புதிய விளையாட்டரங்கம் ஒன்று எழப் போகிறது என்றால் ஊரே பூரிக்கிறது. வண்ணப் படம் போட்டு வழவழப்பான தாளில் வருகிறது செய்தி. வட்ட வடிவ மாடங்கள், வானத்தைத் தொடும் விளக்குக் கம்பங்கள், பச்சைப் பசேலென்ற புல்தரை. "எங்கள் ஊருக்கும் வந்தது பெருமை" என்று தோரணம் கட்டுகிறார்கள்.

கட்டட்டும், தோழர்களே! தோரணம் கட்டும் கைகளை நான் தடுக்க வரவில்லை. ஆனால் கட்டுமுன் இரண்டு கேள்விகளைக் கேட்போம். பணம் யாருடையது? பயன் யாருக்கு?

2024 நாடாளுமன்றத் தேர்தலின்போது, கோவையில் பன்னாட்டுத் தரத்தில் கிரிக்கெட் அரங்கம் அமைப்போம் என்ற உறுதிமொழி தரப்பட்டது. ஒண்டிப்புதூரில் இடமும் பார்த்தார்கள். இன்று கிரிக்கெட்டுக்குக் கேட்கிறார்கள், நாளை கால்பந்துக்குக் கேட்பார்கள். கேட்கும் ஊர் மாறும், ஆடும் ஆட்டம் மாறும். கேள்வி மாறாது. சம்பளத்துக்கு ஆளெடுத்து, சீட்டு விற்று, விளம்பரம் விற்று ஆட்டம் நடத்தும் தொழில்முறை அணிகளுக்கு, அரசுக் கருவூலத்திலிருந்து அரங்கம் கட்டித் தரலாமா?

"வரி கட்டுகிறவன் அல்லவா கவலைப்பட வேண்டும்? உங்களுக்கென்ன?" என்று கேட்கும் கனவான்கள் சிலர் உண்டு. வருமான வரி கட்டுகிறவன் மட்டுமே வரி கட்டுகிறவன் என்பது அவர்கள் எண்ணம்.

மல்லாட்டை பிடுங்கக் கூலிக்குப் போகிற அம்மா வாங்கும் சோப்புக் கட்டியில் வரி இருக்கிறது. கொத்தனார் அண்ணன் தன் இருசக்கர வண்டிக்கு ஊற்றும் பெட்ரோலில் வரி இருக்கிறது. காலில் போடும் செருப்பில் இருக்கிறது, கூரைக்கு வாங்கும் தகரத்தில் இருக்கிறது. மதுக்கடை வழியாக மட்டும் 2024-25-ஆம் ஆண்டில் அரசுக்கு வந்தது 48,000 கோடி ரூபாய்க்கு மேல்! அந்தப் பணம் யார் சட்டைப் பையிலிருந்து போனது? உழைத்து அலுத்தவன் பையிலிருந்து போனது. அவன் மனைவி அடுப்பங்கரையில் மறைத்து வைத்த சிறுவாட்டிலிருந்து போனது. ஆகவே, வரிப்பணம் என்று யாராவது சொன்னால், அது நம் பணம் என்று உரக்கச் சொல்லும் உரிமை நமக்கு உண்டு.

விளையாட்டுக்கு நாம் பகைவர்களா? இல்லை! உழைப்பவனுக்கு உடலும் வேண்டும், உள்ளக் களிப்பும் வேண்டும். பந்து உதைக்கும் பிள்ளை சாதி பார்ப்பதில்லை. யார் தெருவிலிருந்து வந்தவன் என்று கேட்காமல் பந்தைத் தட்டிவிடுகிறான், கோல் விழுந்தால் கட்டிப் பிடித்துக்கொள்கிறான். ஆண்டுக் கணக்கில் மேடையில் நாம் பேசிப் பெற வேண்டியதை அரை மணி நேரத்தில் செய்து காட்டுகிறது ஒரு பந்து. அதனால்தான் சொல்கிறேன், மக்கள் ஆடும் திடலுக்கு மக்கள் பணம் போகட்டும், தாராளமாகப் போகட்டும். ஆனால் முதலாளி ஆட்டம் நடத்தும் மாளிகைக்கு மக்கள் பணம் ஏன்?

அவர்கள் வாதத்தையும் கேட்போம். கேட்காமல் மறுப்பது நம் வழக்கமல்ல.

"அரங்கம் வந்தால் வணிகம் வளரும், வேலை வரும், விடுதி நிரம்பும்" என்கிறார்கள். நாள்கணக்கைப் பாருங்கள். 2024-25 இந்தியன் சூப்பர் லீக் கால்பந்துப் பருவத்தில் ஓர் அணி தன் சொந்தத் திடலில் ஆடிய லீக் ஆட்டம் பன்னிரண்டு. ஐ.பி.எல். கிரிக்கெட்டில் லீக் சுற்றில் ஓர் அணிக்குச் சொந்த ஊர் ஆட்டம் ஏழு. ஆண்டுக்கு நாள் 365. பன்னிரண்டு நாள் சுண்டல் விற்றவன் மிச்ச நாளுக்கு எங்கே போவான்? மேலும், வாசலில் செலவழித்த பணம் வானத்திலிருந்து விழுந்ததா? அன்று சினிமாவுக்குப் போகாமல், கடைத்தெருவுக்குப் போகாமல் இங்கே வந்தான். அந்தத் தெருவில் குறைந்தது இந்தத் தெருவில் கூடியது, அவ்வளவுதான். அமெரிக்கப் பொருளியல் அறிஞர்கள் பல்லாண்டு ஆராய்ந்து கண்ட முடிவும் இதுதான்: அரங்கத்துக்கு அரசு கொட்டும் பணம் அந்த ஊருக்குத் திரும்பி வருவதில்லை.

"சீட்டு விற்றால் வரி வருமே" என்பார்கள். வருகிறது. 2025 செப்டம்பர் முதல் ஐ.பி.எல். நுழைவுச் சீட்டுக்கு நூற்றுக்கு நாற்பது வரி. ஆனால் சோப்பு விற்றாலும் வரி வருகிறது. அதற்காகச் சோப்பு முதலாளிக்கு அரசு செலவில் ஆலை கட்டித் தருகிறோமா?

"அவர்களிடம் அவ்வளவு பணம் ஏது?" என்று இரக்கப்படுவோரும் உண்டு. 2008-ல் சென்னை கிரிக்கெட் அணியின் உரிமையை ஒரு சிமெண்டு நிறுவனம் வாங்கிய விலை 9 கோடியே 10 லட்சம் அமெரிக்க டாலர். அணியை வாங்கப் பணம் இருக்கிறது. அணி நிற்கத் தரை வேண்டுமென்றால் மட்டும் கை வறண்டுவிடுமா?

வெளிநாட்டைப் பாருங்கள்.

பிரேசில் நாடு. கால்பந்தைத் தாய்ப்பாலோடு குடித்த நாடு. 2014 உலகக் கோப்பைக்காகப் பன்னிரண்டு நகரங்களில் அரங்கம் எடுத்தார்கள். அமேசான் காட்டின் நடுவே உள்ள மனாவுஸ் நகரிலும் நாற்பதாயிரம் பேருக்கு மேல் அமரும் அரங்கம்! அங்கே நடந்த உலகக் கோப்பை ஆட்டம் நான்கே நான்கு. நாட்டின் முதல்தர லீக்கில் ஆடும் அணி அந்த ஊரில் இல்லை. தலைநகர் பிரசீலியாவில் பெருஞ்செலவில் எழுந்த அரங்கத்தின் வெளி, மறு ஆண்டே பேருந்துகள் நிறுத்துமிடமாயிற்று. கால்பந்தை உயிராய் மதிக்கும் அந்த மக்களே 2013 ஜூனில் தெருவில் இறங்கினார்கள். "உலகக் கோப்பைத் தரத்தில் மருத்துவமனை எங்கே? பள்ளிக்கூடம் எங்கே?" என்று கேட்டார்கள். பந்தின் மேல் கோபமில்லை அவர்களுக்கு. பந்தயம் கட்டியவர்கள் மேல்தான் கோபம்.

இலண்டன் மாநகர். 2012 ஒலிம்பிக்குக்கு மக்கள் பணத்தில் கட்டிய அரங்கம். அதைக் கால்பந்துக்கு ஏற்றபடி மாற்ற ஆன செலவு 32 கோடியே 30 லட்சம் பவுண்டு. 2016-ல் குடியேறிய வெஸ்ட் ஹாம் அணி, மாற்றும் செலவுக்கெனக் கொடுத்தது ஒன்றரைக் கோடி பவுண்டு. நூற்றுக்கு ஐந்துகூட இல்லை! குத்தகையோ 99 ஆண்டுக்கு. தொடக்கத்தில் பேசிய வாடகை ஆண்டுக்குச் சுமார் 25 லட்சம் பவுண்டு. வீட்டைக் கட்டியது நாம், வெள்ளையடித்தது நாம், குடியிருப்பவர் பெயருக்கு வாடகை தருகிறார். இதற்குப் பெயர் வணிகமாம்!

இனி நம் நாட்டுத் தலைநகர் தில்லிக்கு வருவோம். 1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டிய ஜவாகர்லால் நேரு அரங்கம். 2010 காமன்வெல்த் போட்டிக்காக அதைப் புதுப்பித்தார்கள். செலவு ஏறத்தாழ 960 கோடி ரூபாய். பதினைந்து ஆண்டுதான் கடந்தது. 2025 நவம்பரில் வந்தது செய்தி: அந்த அரங்கத்தை இடித்துவிட்டு அங்கே விளையாட்டு நகரம் எழுப்பத் திட்டமாம்!

அந்த 960 கோடியை நம் மண்ணுக்குக் கொண்டுவந்து பாருங்கள். தமிழ்நாட்டில் சட்டமன்றத் தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டரங்கம் என்ற திட்டம் 2022-ல் அறிவிக்கப்பட்டது. ஒன்றுக்கு மூன்று கோடி ரூபாய். தொகுதிகள் 234. பெருக்கினால் 702 கோடி. ஒரே ஓர் அரங்கத்துக்கு, அதுவும் புதுப்பிப்பதற்கு மட்டும் கொட்டிய பணத்தில், தமிழ்நாடு முழுவதற்கும் தொகுதிதோறும் ஒரு திடல் கட்டிவிட்டு, 250 கோடிக்கு மேல் கையிலும் வைத்திருக்கலாம். இந்தக் கணக்கை உங்கள் ஊர்ப் படிப்பகத் திண்ணையில் உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். சிலேட்டும் பலப்பமும் போதும்.

"சென்னையில் நேரு அரங்கம் இல்லையா? அது வீணா?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அது வீணல்ல. பழைய மாநகராட்சி அரங்கம் இருந்த இடத்தில் அரசு எழுப்பிய அந்தப் புதிய அரங்கத்தில் 1993-ல் நேரு கோப்பைக் கால்பந்து நடந்தது. 1995-ல் தெற்காசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. உரிமை இன்றும் அரசிடம், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்திடம். 2014 முதல் சென்னையின் எப்.சி. அணி அங்கே ஆடியது. 2015-லும் 2018-லும் கோப்பையும் வென்றது. கைதட்டினோம், மகிழ்ந்தோம்.

பிறகு நடந்ததைக் கவனியுங்கள். இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் லீக் நடத்தும் நிறுவனத்துக்கும் 2010-ல் ஏற்பட்ட பதினைந்தாண்டு ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிய இருந்தது. புது ஒப்பந்தம் ஆகவில்லை. 2025 ஜூலையில் லீக் நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகஸ்டில் சென்னை அணி தன் பணிகளை நிறுத்துவதாக அறிவித்தது. ஆட்டக்காரனும், புல் வெட்டுகிறவனும், வண்டி ஓட்டுகிறவனும் விழி பிதுங்கி நின்றார்கள். மீண்டும் ஆட்டம் தொடங்குவதற்குள் ஆண்டே மாறிவிட்டது.

வணிகம் அப்படித்தான். ஒப்பந்தம் இருந்தால் வரும், இல்லையென்றால் போகும். அரங்கம் போகுமா? அது அங்கேயே நிற்கும், பராமரிப்புச் செலவு கேட்டுக்கொண்டு. அந்த ஓர் அணிக்காக மட்டும் அதைக் கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நல்லவேளை, ஓட்டப் பந்தயப் பாதையோடு, எல்லாருக்குமாகக் கட்டிய அரங்கம் அது. அதனால் பிழைத்தது.

அதே 1993-ல், செப்டம்பர் 30-ஆம் நாள், தென்னார்க்காடு பிரிந்து விழுப்புரம் மாவட்டம் பிறந்தது. அந்த மாவட்டத்தில் நம் வல்லம் இருக்கிறது. தஞ்சைக்குப் பக்கத்து வல்லத்தைச் சொல்லவில்லை, திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட வல்லத்தைச் சொல்கிறேன். நெல்லும் மல்லாட்டையும் விளையும் சீமை. மழை பொய்த்தால் சென்னைக்கும் புதுவைக்கும் கட்டட வேலைக்குப் புறப்படும் சீமை. தலைநகரின் மாடிகளுக்குக் கல் சுமந்தவர்களில், கலவை சுமந்தவர்களில், இந்தப் பக்கத்துத் தோள்கள் எத்தனை!

அந்தத் தோளுக்குரியவன் சென்னையில் ஓர் ஆட்டம் பார்க்க ஆசைப்படட்டும். இரவு ஏழரை மணிக்குத் தொடங்கும் ஆட்டம் முடிய ஒன்பதரை ஆகும். பெரியமேட்டிலிருந்து கிளாம்பாக்கம் போக வேண்டும். அங்கிருந்து திண்டிவனம் வந்து சேர நள்ளிரவு தாண்டும். அதற்குப் பிறகு வல்லத்துக்கு வண்டி ஏது? விடியும்வரை பேருந்து நிலையத்தில் படுத்துவிட்டு, காலையில் கூலி வேலையையும் இழந்து வீடு சேர வேண்டும். அரங்கத்துக்கு அவன் தந்தது வரி, பெற்றது கொசுக்கடி!

அவன் பிள்ளைகள் எங்கே ஆடுகிறார்கள்? அறுவடை முடிந்த வயலிலும் வற்றிய ஏரியிலும் ஆடுகிறார்கள். மழை பெய்து ஏர் பூட்டினால் ஆட்டம் முடிந்தது. பையன்களுக்காவது அது உண்டு. பெண் பிள்ளைக்கு? அண்ணன் ஏரிக்குப் போகலாம், தங்கை போக முடியுமா? உடை மாற்ற மறைவிடம் இல்லை, கழிப்பறை இல்லை, இருட்டினால் விளக்கில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போவதே அவளுக்கு ஆட்டம்.

அவளுக்கு ஆட வராதா? பக்கத்துக் கடலூரைப் பாருங்கள். நேற்றுவரை நாமும் அவர்களும் ஒரே தென்னார்க்காடு. அந்தக் கடலூர் தந்த பெண்தான் இந்துமதி கதிரேசன். இந்தியாவுக்காக ஆடியவர், தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். தேசியப் பெண்கள் கால்பந்துக் கோப்பையைத் தமிழ்நாடு 2018-ல் வென்றது, 2023-ல் மீண்டும் வென்றது. மணிப்பூரையும் அரியானாவையும் இறுதியாட்டங்களில் வீழ்த்திய அந்தப் பெண்களை உருவாக்கியவை பளிங்கு மாடங்களல்ல. மண் திடலும், விடாப்பிடியான பயிற்சியும், "போய் ஆடு" என்று அனுப்பிய ஏழைப் பெற்றோரும்தான்.

ஒரு முழுக் கால்பந்துத் திடலுக்கு நீளம் 105 மீட்டர், அகலம் 68 மீட்டர். ஒன்றேமுக்கால் ஏக்கர். அவ்வளவுதான்! சுற்றுவெளி சேர்த்தால் இரண்டு ஏக்கருக்குச் சற்று மேல். மேடுபள்ளம் நிரவிய மண், இரண்டு கோல் கம்பம், ஓர் ஆழ்துளைக் கிணறு, நான்கு விளக்கு, பெண்களுக்குக் கதவுள்ள கழிப்பறை, மாலைதோறும் வருகிற ஒரு பயிற்சியாளர். இதைத்தானே ஒன்றியத்துக்கு ஒன்று என்று கேட்கிறோம்! ஊராட்சிகளுக்கு விளையாட்டுக் கருவிகள் வழங்கும் திட்டம் 2024-ல் வந்தது, வரவேற்றோம். ஆனால் பந்தைக் கொடுத்துவிட்டுத் திடலைக் கொடுக்காமல் விட்டால், அந்தப் பந்து அலுவலகப் பீரோவுக்குள்தானே உருளும்?

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இவை. ஒன்று, முதலில் ஒன்றியத்துக்கொரு திடல், பிறகு நகரத்துக்கு மாளிகை. இரண்டு, பெரிய அரங்கம் கட்டியே தீர வேண்டுமென்றால், தொழில்முறை அணி தன் பங்கை முன்பணமாக வைக்கட்டும். மூன்று, மக்கள் பணம் ஒரு காசு போனாலும் உரிமை மக்களிடம் இருக்கட்டும். பராமரிப்புச் செலவு முழுவதையும் வாடகை தாங்கட்டும். நான்கு, ஆட்டமில்லாத நாளெல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதவு திறக்கட்டும். ஆட்ட நாளில் கூலிக்காரன் வாங்கும் விலையிலும் இருக்கை இருக்கட்டும். ஐந்து, ஒப்பந்தத்தை ஊரறியப் படித்துக் காட்டட்டும்.

இவற்றை ஏற்கும் முதலாளி இருந்தால் வரட்டும். தோரணம் கட்ட நாமும் போவோம். ஏற்க மறுப்பவர் தன் பணத்தில் தன் கொட்டகையைப் போட்டுக்கொள்ளட்டும். தடுக்கமாட்டோம், வாழ்த்துவோம்.

தோழர்களே! கிராமசபை கூடும் நாளில் சாலை கேட்கிறோம், குடிநீர் கேட்கிறோம், சுடுகாட்டுப் பாதை கேட்கிறோம். அடுத்த முறை எழுந்து நின்று இதையும் கேளுங்கள்: "எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டு ஏக்கர் திடல் எங்கே?" ஆண்கள் மட்டும் கேட்டால் போதாது, பெண் பிள்ளையைப் பெற்ற தாயும் எழுந்து கேட்கட்டும். தீர்மானமாக எழுதி வாங்குங்கள். எழுதிய தாள் மாவட்ட ஆட்சியர் மேசைக்குப் போகிறவரை பின்னாலேயே போங்கள்.