புலிகேசியின் ஐடி கார்டு எங்கே?



ஆண்டு விழான்னா ஒரு காமெடி நாடகம் கண்டிப்பா இருக்கும். பத்து நிமிஷம்தான். சினிமா பார்க்கிற நாமே எழுதி நாமே நடிப்போம். வெளிநாட்டிலும் இது உண்டு. அறிவியல் கதை ரசிகர்கள் 1939-லேயே நியூயார்க்கில் மாநாடு கூட்டினார்கள். இப்போதும் அதுபோன்ற மாநாடுகளில், பிடித்த கதையைக் கிண்டல் செய்து ரசிகர்களே குட்டி நாடகம் போடுகிறார்கள். பிடிக்காத கதைக்கு யார் இவ்வளவு கஷ்டப்படுவா?

1972-ல் கிண்டி பொறியியல் கல்லூரி மாணவர் ஒருவர் கல்லூரிப் போட்டிக்கு 'கிரேட் பேங்க் ராபரி' என்ற நாடகம் எழுதினார். பரிசு கொடுத்தவர் கமல்ஹாசன். அந்த மாணவர்தான் பின்னாளில் கிரேஸி மோகன். 'அபூர்வ சகோதரர்கள்' (1989) வசனம் அவருடையது. 2019-ல் காலமானார். அவர் நாடகங்களில் கதாநாயகி பெயர் ஜானகி என்றே வரும். சின்ன வயசில் அவரை மேடை ஏற்றிய டீச்சர் பெயராம் அது!

இவர்களுக்கெல்லாம் முன்னோடி நம்ம தெருக்கூத்துக் கட்டியக்காரன். துரியோதனன் வருகிறான் என்று அறிவிப்பதும் அவன்தான், அவனைக் கேலி பண்ணுவதும் அவன்தான். நடுவில் ஊர்ச் சமாச்சாரத்தையும் நுழைத்துவிடுவான். கதையும் தெரிந்து, ஊரும் தெரிந்தால்தான் சிரிப்பு வரும்.

அதனால் நாங்கள் நம்ம ஊர்க் கதையையே எடுத்தோம். 7-ம் நூற்றாண்டில் பல்லவர் நரசிம்மவர்மன், சாளுக்கியர் இரண்டாம் புலிகேசியைத் தோற்கடித்த இடங்களில் மணிமங்கலமும் ஒன்று. கூரம் செப்பேட்டில் இருக்கிறது. வடிவேலுவின் 23-ம் புலிகேசியை (2006) தெரியாதவர் யார்? இரண்டு புலிகேசியையும் கலந்துவிட்டோம்.

முதலில் திக்கிப் பேசும் சேவகன் ஒருவனை வைத்தோம். ஒத்திகையில் எல்லாரும் சிரித்தோம். ஒருத்தி மட்டும் எழுந்து வெளியே போய்விட்டாள். அவள் தம்பிக்குத் திக்கும். அன்றைக்கே அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டோம்.

இப்போது சேவகன் இல்லை, செக்யூரிட்டி. படையோடு வரும் புலிகேசியை கேட்டில் நிறுத்தி, "ஐடி கார்டு எங்கே?" என்கிறான். "நான் சக்கரவர்த்தி!" "எந்த ஷிப்ட் சக்கரவர்த்தி?"

இதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கார்டை மறந்துபோய், அரை நாள் சம்பளம் போன அனுபவம் அம்மாவுக்கு உண்டு. விழுந்து விழுந்து சிரித்தாங்க. அப்புறம், "செக்யூரிட்டியைக் கெட்டவனா காட்டாதடி. பன்னெண்டு மணி நேரம் நின்னுக்கிட்டே இருக்கான், பாவம்"னு சொன்னாங்க.

அதனால் கடைசிக் காட்சியில் புலிகேசி தன் சிம்மாசனத்தை செக்யூரிட்டிக்கு உட்காரக் கொடுக்கிறார். சிம்மாசனத்துக்கு ஹெச்.எம். ரூம் நாற்காலியைக் கேட்டிருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை.