சட்டசபையில் ஒரு மருத்துவர்

பேறுகால உதவித்தொகை வாங்கிய எங்கள் தெருத் தாய்மார்களுக்கு, 'டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி' என்பது ஓர் அரசுத் திட்டத்தின் பெயர். அவர் பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டசபை உறுப்பினர் என்பதை நானும் கல்லூரி நூலகத்தில்தான் அறிந்தேன்.

1886இல் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் கல்வியாளர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். ஆண்கள் மட்டுமே பயின்ற மன்னர் கல்லூரியில் இப்பெண்ணைச் சேர்க்க எதிர்ப்புக் கிளம்பியது. மன்னர் அனுமதி தந்தார். அந்தக் கல்லூரியும் இன்று நம்முடையதைப் போல ஓர் அரசு கல்லூரிதான். என் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்பதால் இந்தப் பகுதியை இருமுறை படித்தேன்.

1912இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1926இல் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். 1927இல் அவையின் துணைத் தலைவரானார். அவ்வாண்டே பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கக் கோரும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். சத்தியமூர்த்தி போன்ற பெருந்தலைவர்களும் எதிரணியில் நின்றார்கள்!

எதிர்ப்பை விடப் பெரிய முட்டுக்கட்டை ஒன்று இருந்தது. அதுதான் நிலம். கோயில் பணிக்கு ஈடாகத் தேவதாசிக் குடும்பங்களுக்கு மானியம் உண்டு. பணி நின்றால் மானியமும் போய்விடும். ஆகவே சோற்றுக்காக மகளுக்குப் பொட்டுக்கட்டிய வீடுகளும் இருந்தன. 'கட்டாதே' என்று மட்டும் சட்டம் சொன்னால் அவர்கள் எங்கே போவார்கள்? அம்மையார் முதலில் இந்த முடிச்சை அவிழ்த்தார். அவர் முயற்சியால் 1929இல் இந்து அறநிலையச் சட்டம் திருத்தப்பட்டது. இனிக் கோயில் பணி செய்ய வேண்டியதில்லை. நிலமோ அப்பெண்ணிடமே நிற்கும். மேடையில் பேசிக் கைதட்டல் வாங்குவதை விட இது கடினமான வேலை என்பது என் எண்ணம். நோயின் மூலத்தைத் தேடும் மருத்துவப் பழக்கம் இங்கே உதவியிருக்க வேண்டும்.

பொட்டுக்கட்டுவதையே தடுக்கும் மசோதாவை 1930இல் கொண்டுவந்தார். அதற்குள் காந்தியடிகள் கைதானார். அதைக் கண்டித்து அம்மையார் பதவியைத் துறந்தார். மசோதா கிடப்பில் விழுந்தது. கையிலிருந்த காரியத்தை முடித்துவிட்டு வெளியேறியிருக்கலாமே என்று என் வகுப்புத் தோழர் ஒருவர் வாதிட்டார். எனக்கு இன்னும் விடை சொல்லத் தெரியவில்லை.

அடைக்கலம் தேடி வந்த சிறுமியருக்காக அவ்வை இல்லம் தொடங்கினார். தங்கையைப் பறித்த புற்றுநோயை அவர் மறக்கவில்லை. 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது 1947இல். அப்போது அவர் சட்டசபையை விட்டு வந்து பதினேழு ஆண்டுகள் ஆகியிருந்தன.