இரைச்சலைக் களையும் யந்திரம்

மின்விசிறியின் ரீங்காரமும், தெருவில் போகும் லாரியின் உறுமலும், அடுத்த அறையில் விழும் பாத்திரத்தின் ஓசையும், பேசுகிறவரின் குரலோடு சேர்ந்து ஒரே அலையாகத்தான் மைக்கினுள் நுழைகின்றன. நுழைந்தபின் அவற்றைப் பிரித்தெடுப்பது எளிய காரியமல்ல.

பேச்சு நின்றிருக்கும் க்ஷணங்களில் இரைச்சலின் ஸ்வரூபத்தை அளந்துகொண்டு, பேச்சு தொடங்கியதும் அந்த அளவைக் கழித்துவிடும் உபாயத்தை 1979-ல் ஸ்டீவன் போல் என்ற நிபுணர் விவரித்தார். விசிறியைப் போல ஒரே சீராக ஒலிப்பவற்றிடம் அது பலித்தது. திடீரென்று நாய் குரைத்தால் பலிக்கவில்லை. கழித்த மிச்சத்தில் கிணுகிணுவென்று புதியதொரு சப்தமும் முளைத்தது.

ஆழ்கற்றல் வேறு வழியில் சென்றது. சுத்தமான பேச்சையும் தனியே பதிந்த இரைச்சலையும் நாமே கலந்து, நரம்பு வலைப்பின்னல் என்ற கற்கும் நிரலிடம் கொடுத்தால், கலப்பதற்கு முன்பிருந்த பேச்சு நம் கையிலேயே இருப்பதால், அது செய்யும் ஒவ்வொரு பிழையையும் அளந்து திருத்த முடிகிறது. இப்படி ஏராளமான கலவைகளைக் கண்டு அது தானே விவேகம் பெறுகிறது. மொஸில்லாவில் பணியாற்றிய ழான்-மார்க் வாலான் 2017-ல் வெளியிட்ட ‘ஆர்என்நாய்ஸ்’ என்ற மென்பொருள் இவ்வகையில் எனக்கு மிகவும் பிரியமானது. குரலைப் புதிதாகச் சிருஷ்டிக்கும் பொறுப்பை அவர் வலைப்பின்னலிடம் ஒப்படைக்கவில்லை. ஒலியை 22 பட்டைகளாக வகுத்து, 10 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை, ஒவ்வொரு பட்டையையும் எவ்வளவு தணிப்பது என்பதற்குப் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட ஓர் எண்ணை மட்டும் கேட்டார். கச்சேரியில் மிக்ஸர் முன் அமர்ந்தவர் குமிழ்களை ஏற்றி இறக்குவதைப் போன்ற வேலைதான். சற்றுமுன் கேட்டதையும் நினைவில் வைத்தே வலைப்பின்னல் தீர்மானிக்கிறது. இத்தனையும் செய்வதற்கு ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினியே போதுமானதாயிருக்கிறது.

ஆயினும் இதில் ஓர் அபாயம் உண்டு. ‘சரி’ என்கையில் முதலில் எழும் ‘ஸ்’ ஒலிக்குக் குரல்வளை அதிர்வதேயில்லை. காற்று உரசும் அந்த ஒலியின் அலைவடிவம் இரைச்சலையே ஒத்திருப்பதால், அளவுக்கு மீறி ஆர்வங்கொண்ட யந்திரம் அதையும் களைந்துவிட்டு ‘அரி’ என்று நம் காதில் போட்டுவிடலாம். காது மந்தமானவர் அணியும் கருவியிலும், ஆபத்தில் உதவி கேட்கும் அழைப்பிலும், கொஞ்சம் இரைச்சல் மிஞ்சினாலும் பாதகமில்லை, ஓர் எழுத்துக்கூட நஷ்டமாகக் கூடாது என்பதே என் திடமான அபிப்பிராயம். வாலானும் ஒரு பட்டையின் ஒலி சட்டென்று விழுந்துவிடாதபடி ஒரு வரம்பு வைத்தார். அறையின் எதிரொலி இயல்பாகத் தேய்வதற்கு அது இடம் கொடுக்கிறது.

பக்கத்தில் இன்னொருவர் பேசினால், அதுவும் பேச்சே ஆகையால், இந்த யந்திரம் அதை விலக்காது. அதற்கென்று, வேண்டியவரின் குரல் மாதிரியை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, அக்குரலை மட்டும் பின்தொடரும் வலைப்பின்னல்கள் தனியே உருவாகியிருக்கின்றன.