அகலிகை இராமனிடம் கேட்காத கேள்வி



சில காலத்திற்கு முன்னர், தனியார் நிறுவனமொன்றிலே முகாமையாளராகப் பணிபுரியும் இளைஞர் ஒருவர் தமது குறிப்புப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினார். தலைமைத்துவப் பயிற்சி வகுப்பொன்றிலே எழுதிக்கொண்ட குறிப்புகள் அவை. கண்ணன் சிறந்த வியூக வகுப்பாளன். அனுமன் இட்ட பணிக்கு மேலாகவும் செய்து முடிக்கும் ஊழியன். இராமன் சொன்ன சொல் தவறாத தலைவன் என்று இலக்கமிட்டு எழுதியிருந்தார். அவற்றில் தவறொன்றுமில்லை. ஆங்கிலத்தில் இத்தகைய நூல்கள் இன்று புத்தகக் கடைகளிலே அடுக்கடுக்காக வைக்கப்பட்டுள்ளன. அவை நன்றாக விற்பனையாகின்றன என்றும் சொல்கிறார்கள்.

ஆனால் அந்தக் குறிப்புகளை வாசித்தபோது எனக்கொரு சந்தேகம் எழுந்தது. பாடங்கள் யாவும் தேரின் மேலிருப்பவனிடமிருந்தே வருகின்றன. தேர்ச்சக்கரத்தின் அருகிலே நின்றவனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லையே!

நமது காலத்துப் படைப்பாளிகள் சிலர் கேட்டிருக்கிறார்கள். புராண இதிகாசக் கதைகளை அவர்கள் மீண்டும் சொல்லும்போது, தலைவன் எப்படி வென்றான் என்பதைக் காட்டிலும், அவனது சொல்லுக்கு விலை கொடுத்தவர் யார் என்பதையே பார்க்கின்றனர். இன்றைய உரையில் அத்தகைய ஆக்கங்கள் சிலவற்றை நோக்குவோம்.

தமிழிலே இதற்கு வழி திறந்தவர் பாரதியார் எனலாம். ‘பாஞ்சாலி சபத’த்தின் முதற்பாகம் 1912இல் வெளிவந்தது, இரண்டாம் பாகம் கவிஞர் மறைந்து மூன்றாண்டுகளின் பின்னர், 1924இலேதான் அச்சேறியது. தருமன் நாட்டைச் சூதிலே பணயம் வைக்கும் இடத்தில் பாரதியார் கதையை நிறுத்திவிட்டுத் தாமே பேசத் தொடங்குகிறார். நாடு உன் சொத்தா, நீ காவல்காரன் அல்லவா என்று அவர் சீறும்போது, பழைய அரச தருமம் புதிய குடியாட்சித் தருமமாக மாறிவிடுகிறது. இன்னொன்றும் உண்டு. திரௌபதியை வீதிவழியே இழுத்துச் செல்லும்போது பார்த்து நின்று அழுத ஊர்ச் சனங்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. தலைவனைத் திட்டுவது சுலபம். வேடிக்கை பார்த்தவரையும் சேர்த்துத் திட்டுவதற்குத் தனித் துணிவு வேண்டும்.

இனி, இன்றைய உரையின் நடுப்பொருளுக்கு வருகிறேன். புதுமைப்பித்தனின் ‘சாப விமோசனம்’ 1943இல் கலைமகளிலே வெளிவந்த சிறுகதை. அகலிகையை வைத்து 1934இலேயே ஒரு கதை எழுதியவர், ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்குப் பின்னர் மீண்டும் அவளிடமே திரும்பி வந்தார். இடையிலே அந்தப் பாத்திரம் அவரை விடவில்லை போலும்.

கல்லாய்க் கிடந்த அகலிகை இராமனது பாதத் தூளி பட்டு எழுகின்றாள். நாம் அறிந்த கதை அங்கே முடிந்துவிடும். புதுமைப்பித்தனுக்கோ அங்கேதான் தொடங்குகிறது. எழுந்தவள் எப்படி வாழ்வாள்? உலகத்தின் கண்கள் அவளை எப்படிப் பார்க்கும்? கோதமர் மன்னித்துவிட்டார். ஆயினும், மன்னிக்கப்பட்டவள் என்ற நினைப்போடு ஒவ்வொரு நாளையும் கழிப்பது எத்துணைக் கடினம்! பிறர் சாதாரணமாகப் பேசும் சொற்களுக்கும் வேறு அர்த்தம் இருக்குமோ என்று அவள் துணுக்குறுகிறாள். குற்றம் சாட்டப்பட்டுப் பின்னர் விடுவிக்கப்பட்ட எவருக்கும் இந்த மனநிலை புரியும். தீர்ப்பு விடுதலை என்று வந்துவிடலாம். ஊர் விடுதலை செய்வதில்லை.

அவளுக்கு ஒரே ஆறுதல் இராமன். நெஞ்சறியப் பிழை செய்யாதவள் என்று தன்னை ஏற்றுக்கொண்டவன் அல்லவா? கம்பரும் அகலிகைப் படலத்திலே, நெஞ்சினாற் பிழைசெய்யாத இவளை ஏற்றுக்கொள் என்று கோதமனிடம் சொல்லப்படுவதாகவே பாடினார். மனத்தூய்மையே போதும் என்பது இராமன் அகலிகைக்கு வழங்கிய நீதி.

பதினான்கு ஆண்டுகள் கழிந்தன. இராமனும் சீதையும் அயோத்திக்குத் திரும்பியபின் அகலிகையின் குடிலுக்கு வருகின்றனர். ஆண்கள் இருவரும் வெளியே உலாவச் செல்ல, பெண்கள் இருவரும் உள்ளே பேசிக்கொண்டிருக்கின்றனர். அந்தப் பேச்சிலேதான், தான் நெருப்பிலே இறங்கிய செய்தியை சீதை மெல்லச் சொல்கிறாள். அவன் கேட்டானா என்று அகலிகை திகைத்துப்போகிறாள். உலகத்துக்கு நிரூபிக்க வேண்டாமா என்பது சீதையின் சமாதானம். உள்ளத்துக்குத் தெரிந்தால் போதாதா என்பது அகலிகையின் நியாயம்.

நேயர்களே, இந்த இடத்தைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். இராமன் செய்த அநீதி என்று இங்கே எதுவும் விரித்துரைக்கப்படவில்லை. அவன் அரசன். உலகத்துக்குப் பதில் சொல்லவேண்டியவன். அக்கினிப் பிரவேசத்திற்கு அவனிடம் ஒரு காரணம் இருந்தது. ஆனால் அகலிகைக்கு ஒரு நீதியும் சீதைக்கு வேறொரு நீதியும் எப்படி அமைந்தன? அயலாள் ஒருத்தியிடம் பெருந்தன்மை காட்டியவன், தன்னுடையவள் என்றதும் ஏன் கடுமையானான்? அகலிகைக்கு அளித்த நீதியினால் அவனுக்கு நட்டமில்லை. சீதைக்கு அதே நீதியை அளித்திருந்தால், அயோத்தியின் வாய்க்கு அவன் ஆளாகியிருப்பான். தனக்குச் செலவு வைக்காத இடத்திலே நீதிமானாக இருப்பது எல்லோருக்கும் கைவரும்.

இந்தக் கேள்வியை அப்போது அகலிகை இராமனிடம் கேட்கவில்லை. அவன் வெளியே கோதமரோடு தருமம் பேசிக்கொண்டிருக்கிறான்! புதுமைப்பித்தனின் குறும்பும் துயரமும் ஒருங்கே வெளிப்படும் இடம் இது. கதையின் முடிவிலே அகலிகை மீண்டும் கல்லாகிறாள். இம்முறை யாரும் சபிக்கவில்லை. தன்னை மீட்டவனது நீதியிலே நம்பிக்கை போனபின் எந்தத் தரையில் கால் ஊன்றி நிற்பாள்? கோதமர் தனியராய்க் கைலையை நோக்கிப் புறப்படுகிறார்.

நமது பட்டிமண்டபங்களிலே வாலிவதையும் அக்கினிப் பிரவேசமும் அடிக்கடி விவாதிக்கப்படுவதுண்டு. இராமன் கட்சி, எதிர்க்கட்சி என்று பிரிந்து வாதிட்டு, நடுவர் தீர்ப்போடும் கரகோஷத்தோடும் அவை இனிதே கலையும். ‘சாப விமோசனம்’ படித்தபின் அப்படிக் கலைந்துபோக முடிவதில்லை.

இராமனைக் கொடியவனாகவும் இராவணனை உத்தமனாகவும் மாற்றி எழுதிவிட்டால் அது புதுமை ஆகிவிடும் என்று எண்ணுவோர் உளர் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அது நாற்காலிகளை இடம் மாற்றி வைக்கும் வேலை. புதுமைப்பித்தன் இராமனை வெறுக்கவில்லை. இராமன்மேல் அகலிகை வைத்திருந்த பேரன்புதான் அவளைக் கல்லாக்கியது.

மலையாளத்திலே எம். டி. வாசுதேவன் நாயர் 1984இல் ‘ரண்டாமூழம்’ என்ற நாவலை வெளியிட்டார். ‘இரண்டாம் இடம்’ என்ற பெயரிலே தமிழிலும் அது கிடைக்கின்றது. பீமன்தான் கதைசொல்லி. எப்போதும் தமையனுக்கு அடுத்தவன். ஆனாலும், வேலை என்று வந்தால் எல்லோரும் தேடுவது அவனைத்தான். அலுவலகங்களிலே இப்படிப்பட்டவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

அந்த நாவலிலே என்னை மிகவும் வருத்திய பகுதி கடோற்கசனின் மரணம். கர்ணனிடம் இந்திரன் கொடுத்த வேல் ஒன்று இருந்தது. அதனை ஒரு முறைதான் எறியலாம். அருச்சுனனுக்கென அவன் அதை ஒதுக்கி வைத்திருந்தான். இரவுப் போரிலே கடோற்கசன் முன்னே அனுப்பப்பட, வேறு வழியின்றிக் கர்ணன் அவன்மேல் வேலை எறிகிறான். அருச்சுனன் பிழைத்தான் என்று கண்ணன் மகிழ்ந்து ஆர்ப்பரிப்பதாக வியாசரே எழுதிவைத்திருக்கிறார். பயிற்சி வகுப்புக் குறிப்பிலே இது மிகச்சிறந்த வியூகமாகவே இடம்பெறும். கணக்கும் சரிதான். ஆனால் அந்தக் கணக்கிலே கழிக்கப்பட்டவன் ஒருவனுடைய மகன். காட்டிலே பிறந்தவன், அரண்மனைப் பிள்ளைகளோடு சேர்த்து எண்ணப்படாதவன், அழைத்தபோது மறுபேச்சின்றி வந்தவன். எம். டி. நம்மைக் கண்ணனின் அருகிலே நிறுத்தாமல் தந்தையின் அருகிலே நிறுத்துகிறார். வெற்றிக்கூச்சல் அங்கிருந்து கேட்கும்போது வேறு விதமாக ஒலிக்கிறது.

நாவலின் தொடக்கத்திலே இன்னொரு காட்சி. இமயத்தை நோக்கிய இறுதிப் பயணத்தில் திரௌபதி தளர்ந்து விழுகிறாள். தருமன் திரும்பிப் பாராமல் நடக்கிறான். பயணத்தின் விதி அது. பீமன் விதியை மீறித் திரும்பி வருகிறான். மூல பாரதத்திலே அவன் ஏன் விழுந்தாள் என்று கேட்டுவிட்டுத் தமையனின் பின்னே நடந்துவிடுவான். இந்த நாவலில் அவன் எடுத்துவைத்த சில அடிகளுக்காகவே எம். டி.க்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது.

நம் நாட்டு முயற்சி ஒன்றையும் குறிப்பிடாமல் இருக்க முடியாது. 1960களின் நடுப்பகுதியிலே பேராதனையில், பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்களின் தயாரிப்பிலே, சி. மௌனகுரு அவர்கள் எழுதிய ‘இராவணேசன்’ வடமோடிக் கூத்து மேடையேறியது. இராவணனை வீழ்ச்சி நோக்கி நடக்கும் பெருவீரனாக அது காட்டியது. பத்துத் தலைகள் இருந்தும், கேட்கவேண்டியதைக் கேட்கும் செவி அவனிடம் இல்லை.

வானொலிக்கு உரியதொரு படைப்பை இறுதியாக வைத்திருக்கிறேன். தர்மவீர் பாரதி இந்தியிலே எழுதிய ‘அந்தா யுக்’, அதாவது ‘குருட்டு யுகம்’, 1953இல் எழுதப்பட்ட கவிதை நாடகம். அகில இந்திய வானொலியின் அலகாபாத் நிலையத்திலே ஒலித்தபோதே அது கவனத்தை ஈர்த்தது. சத்யதேவ் துபே 1962இல் பம்பாயிலும், இப்ராஹிம் அல்காசி 1963இல் தில்லி பெரோஸ் ஷா கோட்லாவின் இடிபாடுகளுக்கிடையிலும் அதனை மேடையேற்றினர். இந்தியப் பிரிவினையின் இரத்தம் உலராத காலத்திலே எழுதப்பட்டது என்பதை நினைவிற் கொண்டால் நாடகத்தின் கனம் புரியும்.

பாரதப் போரின் பதினெட்டாம் நாள் மாலையிலே நாடகம் தொடங்குகிறது. யுத்தம் முடிந்துவிட்டது. மிஞ்சியவர்கள் வருகிறார்கள். அவர்களில் ஒருவன் யுயுத்சு. திருதராட்டிரனின் மகனாயிருந்தும், நியாயம் பாண்டவர் பக்கம் என்று நம்பி அங்கு சென்று போரிட்டவன். வெற்றி பெற்ற அணியிலே நின்றவன் வீடு திரும்புகிறான். காந்தாரி அவனைக் குத்திப் பேசுகிறாள். ஊரார் தூற்றுகின்றனர். காயமுற்றுக் கிடக்கும் படைவீரன் ஒருவனுக்கு அவன் தண்ணீர் கொடுக்கக் குனிகிறான். அந்த வீரனை முடமாக்கியவை யுயுத்சுவின் அம்புகளே. அவன் முகத்தைக் கண்டதும் வீரன் பதறி ஒதுங்குகிறான். மனச்சாட்சியின்படி நடந்தவனுக்கு இரு பக்கத்திலும் வீடில்லாமற் போய்விடுகிறது. தருமனின் ஆட்சியிலேயே, பீமனின் ஏளனத்தையும் தாங்கிக்கொண்டு வாழ்ந்து, ஈற்றில் அவன் தன் உயிரை மாய்த்துக்கொள்கிறான். யுத்தம் ஒன்றைக் கண்டு வாழ்ந்த நமக்கு, இவனை யார் என்று விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

காந்தாரி கண்ணனைச் சபிக்கும் கட்டம் நாடகத்தின் சிகரம். நீ நினைத்திருந்தால் தடுத்திருக்கலாம் என்பது அவளது குற்றச்சாட்டு. கண்ணன் என்ன விடை சொல்கிறான்? அரசியல் காரணங்களை அடுக்கவில்லை. துரியோதனன்மேல் பழி போடவில்லை. இந்தப் பதினெட்டு நாட்களும் மண்ணில் வீழ்ந்த ஒவ்வொரு படைவீரனோடும் தானே மாண்டதாகச் சொல்லி, அவளைத் தாயென்று அழைத்துச் சாபத்தை ஏற்றுக்கொள்கிறான். அதன்பின்னர் அழுவது காந்தாரிதான். ஏன் ஏற்றுக்கொண்டாய் என்று கதறுகிறாள். பொறுப்பை ஒருவன் முழுதாக ஏற்றுக்கொள்ளும்போது பாதிக்கப்பட்டவரின் கோபம் எங்கே போகிறது என்பதை இதனைவிட நுட்பமாகக் காட்டிய காட்சியை நான் வாசித்ததில்லை.

இத்தனைக்கும் நடுவே, நாடகம் நெடுக இரண்டு காவலர்கள் வந்துபோகின்றனர். அவர்களுக்குப் பெயர் கிடையாது. ஆளற்ற அரண்மனைத் தாழ்வாரத்திலே ஈட்டியும் கேடயமும் தாங்கி வலமிருந்து இடமாகவும் இடமிருந்து வலமாகவும் நடக்கிறார்கள். காப்பதற்கு உள்ளே எதுவுமில்லை. திருதராட்டிரன் ஆட்சி போய்த் தருமன் ஆட்சி வருகிறது. ஆள்வோர் மாறினர், தங்கள் நிலை மாறவில்லை என்று தமக்குள்ளே பேசிக்கொண்டு அவர்கள் நடந்துகொண்டேயிருக்கிறார்கள்.