அங்கோலாவின் கூடைப்பந்துக் கோஷ்டி

ஆப்பிரிக்காக் கண்டத்தின் தென்மேற்குக் கரையில் அட்லாண்டிக் சமுத்திரத்தைப் பார்த்தவாறு பரந்து கிடக்கும் அங்கோலா தேசத்தைப் பற்றி நம்மில் யாரேனும் கேள்விப்பட்டிருந்தால், பெட்ரோலியம், வைரம், வருஷக்கணக்கில் நீண்ட உள்நாட்டு யுத்தம் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றன் சம்பந்தமாகத்தான் கேள்விப்பட்டிருப்போம். அந்தத் தேசத்தின் ஆண்கள் கூடைப்பந்துக் கோஷ்டியைப் பற்றி அறிந்தவர்கள் நம்மிடையே மிகச் சொற்பம். 1962 முதல் நடந்துவரும் ஆப்பிரிக்கக் கூடைப்பந்துச் சாம்பியன் பந்தயத்தில், எகிப்தும் செனகலும் ஆறு தசாப்தங்களாக முயன்று ஆளுக்கு ஐந்து பட்டங்களே பெற்றிருக்க, 1980-இல்தான் முதன்முறையாக அந்தப் பந்தயத்துக்குள் அடியெடுத்து வைத்த அங்கோலா பன்னிரண்டு பட்டங்களைச் சம்பாதித்திருக்கிறது.

ஆயினும், வெளியுலகம் அந்தக் கோஷ்டியை நினைவு வைத்திருப்பது ஒரு படுதோல்வியின் காரணமாகவே. 1992-ஆம் வருஷம் பார்சிலோனா நகரத்தில் நடந்த ஒலிம்பிக் விழாவில், அமெரிக்கா முதன்முறையாகத் தன் தொழில்முறை வீரர்களைக் களத்தில் இறக்கிற்று. மைக்கேல் ஜோர்டான், மேஜிக் ஜான்சன், லாரி பேர்ட் முதலியோர் ஒன்றுகூடியிருந்த அந்தக் கோஷ்டிக்குக் கனவுக் கோஷ்டி என்று பெயர். ஜூலை 26-ஆம் தேதி அதன் முதல் ஆட்டத்தில் எதிரே நின்றவர்கள் அங்கோலாக்காரர்கள். ஏழுக்கு ஏழு என்று சமமாக இருந்த ஆட்டம், அதன் பிறகு அமெரிக்கா நாற்பத்தாறு புள்ளிகள் எடுப்பதற்குள் அங்கோலா ஒரே ஒரு புள்ளி எடுத்தது என்னும்படி ஒருதலையாக மாறி, 116-க்கு 48 என்று முடிந்தது. சார்லஸ் பார்க்லி என்ற பேர்போன ஆட்டக்காரர், தம்மைவிட எவ்வளவோ மெலிந்த ஹெர்லாண்டர் கொயிம்பிராவின் மார்பில் முழங்கையால் இடித்த காட்சியை உலகத் தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்பக் காட்டின. இடிபட்ட கொயிம்பிரா பின்னாளில் அதைப் பற்றிப் பேச நேர்ந்தபோதெல்லாம் பகைமை பாராட்டாமல் பேசிய பெருந்தன்மையை மட்டும் அவ்வளவாக யாரும் காட்டவில்லை.

ஓர் ஆட்டத்தின் கணக்கைக் கொண்டு ஒரு கோஷ்டியின் சரித்திரத்தை எழுதிவிடுவது பெரிய அநியாயம் என்பது என் திடமான அபிப்பிராயம். அடுத்த ஆட்டத்தில் இதே அங்கோலா, பலம் வாய்ந்த ஜெர்மனியிடம் ஒரே புள்ளி வித்தியாசத்தில்தான் தோற்றது. ஜூலை 31-ஆம் தேதியோ, விழாவை நடத்திய ஸ்பெயின் தேசத்தையே, அதன் சொந்த ஜனங்கள் நிறைந்திருந்த அரங்கத்தில், 83-க்கு 63 என்ற கணக்கில் வென்றது. 1984-இல் ஒலிம்பிக் வெள்ளிப் பதக்கம் பெற்றிருந்த கோஷ்டி ஸ்பெயினுடையது. அதைக் கால் நூற்றாண்டுக்கு மேலாகப் பயிற்றுவித்துவந்த அந்தோனியோ தியாஸ் மிகேலின் நீண்ட உத்தியோகம் அந்த விழாவோடு முடிவுக்கு வந்தது. ‘அங்கோலாஸோ’ என்று அந்தத் தோல்விக்கு ஸ்பானியர்கள் வைத்த பெயர் இன்றைக்கும் அவர்களிடையே வழங்குகிறது. வெற்றியை அனுபவித்தவர்களைவிட அதனால் வேதனைப்பட்டவர்களே அதைப் பத்திரமாக நினைவு வைத்திருக்கிறார்கள்.

இந்த வீரர்கள் எத்தகைய தேசத்திலிருந்து வந்தார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். 1975 நவம்பர் 11-ஆம் தேதி போர்ச்சுகீசிய ஆதிக்கத்திலிருந்து அங்கோலா விடுதலை பெற்றபோது, லட்சக்கணக்கான போர்ச்சுகீசியர் கப்பலேறியும் விமானமேறியும் வெளியேறிவிட்டார்கள். அதிகாரத்துக்கு வந்த கட்சிக்கும் அதை எதிர்த்த கட்சிக்கும் மூண்ட யுத்தம், அயல்நாட்டுச் சேனைகளும் வந்து கலந்துகொண்ட யுத்தம், 2002 வரையில் ஓய்ந்து ஓய்ந்து எரிந்தது. உள்நாட்டுப் பிரதேசங்கள் பாழ்பட்ட அந்தக் காலத்தில், தலைநகரமான லுவாண்டா ஓரளவு தப்பியிருந்தமையால், அங்கே விளையாட்டுச் சங்கங்கள் தழைக்க இடம் கிடைத்தது. ராணுவத்தைச் சேர்ந்த பிரிமெய்ரோ தெ அகோஸ்தோ என்ற சங்கமும், அரசாங்கப் பெட்ரோலியக் கம்பெனியின் ஆதரவில் வளர்ந்த பெட்ரோ தெ லுவாண்டா என்ற சங்கமும் சிறுவர்களைச் சேர்த்துக்கொண்டு, வருஷம் தவறாமல் பழக்கி, ஒன்றோடொன்று கடும்போட்டி போட்டன. அங்கோலாவின் தேசியக் கோஷ்டி என்பது இந்தச் சங்கங்களில் சேர்ந்தும் எதிர்த்தும் ஆடிப் பழகியவர்களின் கூட்டமே ஆகும்; சர்வதேசப் பந்தயத்துக்கு முந்தின வாரம் நாலா திசையிலிருந்தும் வந்து ஒருவரையொருவர் அறிமுகம் செய்துகொண்டவர்கள் அல்லர். அவர்களுடைய பலத்தின் ரகசியம் இதிலேதான் அடங்கியிருக்கிறது.

கூடைப்பந்து உயரமானவர்களுடைய ஆட்டம் என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அங்கோலாவிலோ மிக நெடிய ஆட்கள் அதிகமில்லை. விக்டோரினோ குன்யா முதலிய பயிற்சியாளர்கள் அதற்காக வருந்திக்கொண்டிராமல், கூடைக்குக் கீழே மல்லுக்கட்டுவதைக் குறைத்து, எதிராளி பந்தோடு ஓரடி எடுத்து வைக்குமுன் அவனை நெருக்குவது, பந்து கையில் பட்ட கணமே வேகமாக ஓடுவது, தூரத்திலிருந்து குறி தவறாமல் எறிவது என்ற மூன்று வித்தைகளிலும் தங்கள் மாணவர்களைக் கைதேர்ந்தவர்களாக்கினார்கள். தூரத்திலிருந்து எறிந்து போடும் பந்துக்கு இரண்டுக்குப் பதில் மூன்று புள்ளி என்ற விதி 1984-இல் சர்வதேச ஆட்டத்துக்கு வந்து சேர்ந்ததும் இப்படிப்பட்ட கோஷ்டிக்குப் பேருதவியாக அமைந்தது. இந்த ஓட்டத்துக்கு நடுவே தூண் போல நின்றவர் ஜான் ஜாக் கொன்செய்சாவ். கின்ஷாசா நகரத்தில் 1964-இல் பிறந்து, ராணுவச் சங்கத்தில் வளர்ந்து, பிறகு லிஸ்பன் நகரத்துப் பென்பிகா சங்கத்தின் பிரதான வீரராக விளங்கிய அவரை, 2013-இல் சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனம் தன் கீர்த்தி மண்டபத்தில் சேர்த்துக் கௌரவித்தது.

1989-இல் சொந்த நகரமான லுவாண்டாவில், இறுதியாட்டத்தில் எகிப்தை வீழ்த்தி முதல் பட்டம் வாங்கினார்கள். 1991 மே மாதத்தில் கையெழுத்தான சமாதான உடன்படிக்கை தேசத்துக்குச் சற்றே மூச்சுவிட அவகாசம் தந்தது. பார்சிலோனாவுக்குப் போனது அந்தக் குறுகிய சமாதானத்தின்போதுதான். திரும்பிவந்த சில வாரங்களில் தேர்தல் நடந்து, அதன் முடிவை ஒரு கட்சி ஏற்க மறுத்ததால் யுத்தம் மறுபடியும் மூண்டு, லுவாண்டாவின் வீதிகளிலேயே ரத்தம் சிந்தியது. அந்த வருஷக் கடைசியில் கெய்ரோவில் தொடங்கிய ஆப்பிரிக்கப் பந்தயத்துக்கு அங்கோலாக் கோஷ்டி போய்ப் பட்டத்தை நிலைநாட்டிக்கொண்டது. உள்நாட்டில் உவாம்போ நகரத்துக்காக ஐம்பத்தைந்து நாள் நீடித்த கோரமான சண்டை 1993 ஜனவரியில் ஆரம்பித்தது. வீட்டு நிலைமை இப்படியிருக்க, பந்தைக் கையில் எடுக்க அந்த இளைஞர்களுக்கு எப்படி மனம் திடப்பட்டதோ, நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

1993, 1995 ஆகிய வருஷங்களிலும் வென்று, 1997-இல் செனகலுக்கு விட்டுக்கொடுத்து, 1999 முதல் 2009 வரை தொடர்ந்து ஆறு பட்டங்களை அங்கோலா அள்ளிக்கொண்டது. 1992 முதல் 2008 வரை ஐந்து ஒலிம்பிக் விழாக்களிலும் ஒன்றுவிடாமல் கலந்துகொண்டது. ஆங்கெலோ விக்டோரியானோ என்பவர் எட்டுத் தடவை ஆப்பிரிக்கப் பட்டம் வென்ற கோஷ்டிகளில் இருந்தார். அவருடைய சகோதரர்களும் தேசத்துக்காக ஆடியவர்களே.

அந்தப் பொற்காலத்தில் எந்த ஆட்டத்தைச் சிகரமாகச் சொல்வது என்று கேட்டால், பட்டம் எதையும் தராத ஓர் ஆட்டத்தையே நான் சொல்வேன். 2006-இல் ஜப்பானில் நடந்த உலகச் சாம்பியன் பந்தயத்தில், ஹிரோஷிமா நகரத்தில், ஜெர்மனியோடு ஆடியபோது, குறித்த நேரத்தில் வெற்றி தோல்வி தீராமல், ஐந்து ஐந்து நிமிஷமாக மூன்று முறை நேரத்தை நீட்ட வேண்டியதாயிற்று. உலகத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவரான டிர்க் நோவிட்ஸ்கி தனியொருவராக 47 புள்ளிகள் எடுத்த பிறகே, ஜெர்மனியால் 108-க்கு 103 என்று தப்பிப் பிழைக்க முடிந்தது. அங்கோலா அந்தப் பந்தயத்தில் கடைசிப் பதினாறு கோஷ்டிகளில் ஒன்றாகத் தேறி, பிரான்ஸிடம் ஆறு புள்ளியில் தோற்று வெளியேறியது.

பிறகு காலம் மாறியது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பிறந்து வளர்ந்த தங்கள் வம்சத்து இளைஞர்களை மற்ற ஆப்பிரிக்க தேசங்கள் அழைத்துவந்து ஆடவைக்கத் தொடங்கின. 2011-இல் டுனீசியாவும் 2015-இல் நைஜீரியாவும் இறுதியாட்டத்திலேயே அங்கோலாவைத் தோற்கடித்தன. இடையே 2013-இல் அபிஜானில் எகிப்தை வென்று பெற்ற பதினோராவது பட்டத்துக்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் ஒன்றும் கிட்டவில்லை. 2019-இல் புரூனோ பெர்னாண்டோ அமெரிக்கத் தொழில்முறைச் சங்கத்துக்குத் தேர்வாகி, அங்கே ஆடிய முதல் அங்கோலாக்காரர் என்ற பெயர் பெற்றார். 2024-இல் பெட்ரோ தெ லுவாண்டா சங்கம் பாஸ்கெட்பால் ஆப்பிரிக்கா லீக் என்னும் ஆப்பிரிக்கச் சங்கங்களின் பந்தயத்தில் வென்றபோது, சகாராவுக்குத் தெற்கேயுள்ள சங்கம் ஒன்று அந்தக் கோப்பையைப் பெற்றது அதுவே முதல் தடவை.

2025 ஆகஸ்டு 24-ஆம் தேதி லுவாண்டாவில், ஸ்பானியரான ஜோசெப் கிளாரோஸ் பயிற்றுவித்த கோஷ்டி, இறுதியாட்டத்தில் மாலி தேசத்தை 70-க்கு 43 என்று வென்று பன்னிரண்டாவது பட்டத்தை எடுத்தது. நாற்பத்து மூன்று புள்ளிக்கு மேல் எதிரிகளை எழும்பவிடாத அந்த நெருக்குதல் பழைய குன்யா காலத்து வித்தையேதான். அந்தப் பந்தயத்தின் தலைசிறந்த வீரராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஷில்டே துந்தாவ், நெடியவர்களுக்கு நடுவே பந்தை ஓட்டிக்கொண்டு புகுந்து புறப்படும் அந்த இளைஞர், ஏறக்குறைய ஐந்தரை அடி உயரமே உள்ளவர்.